நாற்பது வயதில் உதட்டை மாற்றிக்கொண்டவர்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்கு முட்டிவலி ஒரு காரணம், நீ கேட்ட கேள்வி இன்னொன்று. முட்டிவலியைப் பற்றி எழுதினால் நீ படிக்க மாட்டாய். கேள்விக்கே வருகிறேன்.

"பென்னி குட்மேன் எல்லாவற்றிலும் கை வைத்தாரே, எதில்தான் உருப்படியாக இருந்தார்?" என்று அந்த அமெரிக்க கிளாரினெட்காரரைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ எப்போதும் ஜாஸ் பக்கம். அவர் மொசார்ட் வாசிக்கப் போனது வெறும் கௌரவ ஆசை என்பாய். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்த மூன்று வாரம் அவருடைய ரிக்கார்டுகளை வரிசையாகக் கேட்ட பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். அவர் ஜாஸில் பிறந்து கிளாசிக்கலுக்குப் போனவர் இல்லை. 1909இல் சிகாகோவில் ஏழைத் தையல்காரர் ஒருவரின் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாவதாகப் பிறந்தவர். பத்து வயதில் யூதர்களின் ஜெபக்கூடத்தில் கிளாரினெட் கையில் கிடைத்தது. அப்புறம் ஃபிரான்ஸ் ஷெப் என்ற கண்டிப்பான கிளாசிக்கல் வாத்தியாரிடம் இரண்டு வருடம். நடனப் பேண்டுகளில் சம்பாதிக்கப் போனதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பாப் என்று நீ மூக்கைச் சுளிக்கிற பகுதியையும் லேசில் விட முடியாது. 1935 ஆகஸ்ட் 21, லாஸ் ஏஞ்சலிஸில் பாலோமார் நடன அரங்கு. நாட்டைக் குறுக்கே கடந்து வந்த பேண்டு, டென்வரில் மண்ணைக் கவ்விவிட்டு வந்திருந்தது. அந்தப் பயத்தில் முதலில் மெல்லிய நடனப் பாட்டுகளாகவே வாசித்தார்கள். கூட்டம் அசையவில்லை. சரி, போவதென்றால் நம் சரக்கை வாசித்துவிட்டே போவோம் என்று ஃபிளெட்சர் ஹெண்டர்சன் அமைத்துக் கொடுத்த உருப்படிகளை எடுத்தார்கள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு மேடையைச் சுற்றி நெருக்க ஆரம்பித்தார்கள். இதற்குக் காரணம் கடிகாரம் என்றால் சிரிப்பாய். குட்மேனின் ரேடியோ நிகழ்ச்சி நியூயார்க்கிலிருந்து ஒலிபரப்பானது. அவருடைய சூடான உருப்படிகள் வருவதற்குள் கிழக்கே ஊரே தூங்கியிருக்கும். மேற்குக் கரையிலோ கடிகாரம் மூன்று மணி நேரம் பின்னால். இளவட்டங்கள் விழித்திருந்து கேட்டுப் பழகியிருந்தார்கள்.

1938 ஜனவரி 16 நியூயார்க் கார்னகி ஹால் கச்சேரியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பினத்தவரான டெடி வில்சனும் லயனல் ஹாம்ப்டனும் அவரோடு ஒரே மேடையில் வாசித்தார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணம் இல்லை. ஒலிப்பதிவு பன்னிரண்டு வருடம் கிடப்பில் கிடந்து 1950இல்தான் இசைத்தட்டாக வந்தது. 'சிங், சிங், சிங்' என்ற உருப்படி முடியப்போகிற நேரத்தில் பியானோக்காரர் ஜெஸ் ஸ்டேசிக்கு வழிவிட்டாரே, அந்த இரண்டு நிமிஷம் இருக்கிறதே... அவ்வளவு டிரம்ஸ் இரைச்சலுக்குப் பிறகு ஒரு ஆள் தனக்குத் தானே பேசிக்கொள்கிற மாதிரி. இன்றைக்கும் அந்த இடத்தில் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவேன்.

அதே 1938 ஏப்ரலில் புடாபெஸ்ட் நால்வர் தந்தி வாத்தியக் குழுவோடு மொசார்ட்டின் கிளாரினெட் குவின்டெட்டை, அதாவது ஐவர் வாசிக்கும் உருப்படியை, பதிவு செய்தார். இதில் உன் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. வாசிப்பு சுத்தம். ஆனால் புதுச் சட்டையின் மடிப்பு கலையாமல் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருக்கிறது. நீ கேட்க வேண்டியது 1940இல் பதிவான 'கான்ட்ராஸ்ட்ஸ்'. அவரும் வயலின்காரர் ஜோசப் சிகெட்டியும் ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்கிடம் கேட்டு எழுதி வாங்கியது. இசைத்தட்டின் இரண்டு பக்கத்துக்கு அடங்குகிற மாதிரி சின்னதாகக் கேட்டார்கள், மனிதர் மூன்று பகுதியாக எழுதித் தந்தார். பதிவில் பியானோவும் பார்டோக்தான். முதல் பகுதி முடிகிற இடத்தில் கிளாரினெட்டுக்குத் தனியாக விட்டிருக்கிற வரிகளைக் கேள். அங்கே சட்டை மடிப்பெல்லாம் போய்விட்டது. என் கணக்கில் அவருடைய கிளாசிக்கல் ரிக்கார்டுகளில் இதுதான் முதல்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 1949இல், நாற்பது வயதில், உலகமே அறிந்த கிளாரினெட்காரர், இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ரெஜினால்ட் கெல்லிடம் மாணவனாகப் போய் உட்கார்ந்தார். முப்பது வருடமாக மேல் பற்களை மவுத்பீஸில் (வாயில் வைக்கும் முனையில்) பதித்து வாசித்தவர், இரண்டு உதட்டையும் பல் மேல் மடித்துப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். விரல் போடுகிற முறையும் மாறியது. விரல்களில் காய்த்துப்போன தோலைக்கூட எடுத்துவிட்டாராம். இதில் ஒரு வேடிக்கை: கிளாசிக்கல் கிளாரினெட்டில் வைப்ரேட்டோவைத் துணிந்து வாசித்ததற்காகப் பேச்சு வாங்கியவர் இந்தக் கெல். ஜாஸ்காரர் மொசார்ட்டை நேர்கோடாக வாசிக்கிறார், வாத்தியார் ஸ்வரத்தை நடுக்கி வாசிக்கிறார்!

நான் சும்மா இருப்பேனா? பரணிலிருந்து நம் பேண்டு காலத்துக் கிளாரினெட்டை இறக்கி, ரீடை (ஊதினால் அதிர்கிற நாணல் சீவலை) வாயில் ஊறவைத்து, இரண்டு உதட்டையும் மடித்துப் பிடித்து ஊதிப் பார்த்தேன். கீழ் ஸ்வரங்கள் ஏதோ வந்தன. மேலே ஏறியதும் கீச்சென்று கத்தியது. அடுப்பில் என்ன விசில் என்று உள்ளேயிருந்து குரல். நாலு நிமிஷத்தில் மேல் உதட்டின் உள்பக்கம் பல் தடம் பதிந்துவிட்டது. ராத்திரி சாப்பிடும்போது காரம் பட்டு உயிர் போனது. கச்சேரியும் பணமும் குவிந்து கிடக்கும்போது ஒருவர் வேண்டுமென்றே இந்த அவஸ்தைக்குப் போனார் என்றால், அதைக் கௌரவ ஆசை என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

அவர் பேண்டில் யாராவது பிசகினால் மூக்குக் கண்ணாடி வழியாக ஒரு முறை முறைப்பாராம். பேண்டுக்காரர்கள் அதற்கு 'ரே' (கதிர்) என்றே பெயர் வைத்திருந்தார்கள். தன்னையும் கண்ணாடியில் அப்படித்தான் முறைத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது. அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்ட் அவருக்காக எழுதிய கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) 1950 நவம்பரில் ரேடியோவில் அரங்கேறியது. அதன் முடிவுப் பகுதியின் முதல் வடிவத்தில் கோப்லண்ட் தன் கையாலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: பென்னி குட்மேனுக்கு இது மிகக் கடினம் என்று. எப்படி வலித்திருக்கும்! இருந்தாலும் இலகுவாக்கிய வடிவத்தை வாசித்தார், பதிவும் செய்தார். 1963இல் கோப்லண்டே நடத்த இன்னொரு தடவை பதிவு செய்தார்.

அந்த இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேள். முதலில் வருகிற மெதுவான பகுதி போதும், அந்த நீள மூச்சுகளை எதில் நிம்மதியாக விடுகிறார் என்று பார். என் தீர்ப்பை இப்போது எழுதமாட்டேன், எழுதினால் வேண்டுமென்றே மற்றதைச் சொல்வாய். அப்படியே ஒரு இரண்டரை நம்பர் ரீட் பெட்டி இருந்தால் அனுப்பு. நம் பழைய ரீடுகள் எல்லாம் ஓரம் பிளந்துவிட்டன.

முட்டிவலி அடுத்த கடிதத்தில்.

உன் பழைய பக்கத்து நாற்காலிக்காரன்