ஆறு ஏக்கர் வேண்டாம், கால் ஏக்கர் போதும்

ரங்கூன்
மே 3

அன்பு முத்து,

தை மாதமே பதில் போட்டிருக்க வேண்டும், மன்னித்துக்கொள். அக்காவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பெரியவனுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அல்வா பாக்கியைப் பழைய கணக்கோடு சேர்த்துக்கொள்.

முதல் மழை விழுந்ததும் எள்ளை விட்டுவிட்டு ஆறு ஏக்கரிலும் கீன்வா தானியம் விதைக்கப் போகிறாய் என்று தம்பி சொன்னான். கேட்டதிலிருந்து மனசு ஓடவில்லை. வேண்டாம் மச்சான். வழக்கம்போல எள் போடு. எள் எடுத்த நிலத்தில் கால் ஏக்கர் மட்டும் ஒதுக்கி, மழை ஓய்ந்தபின் ஐப்பசிக் கடைசியில் விதை.

கீன்வாவுக்குச் சீமைத்தினை என்று பெயர் வைத்ததுதான் குழப்பம். அது தினைச் சாதியே இல்லை, சக்கரவர்த்திக் கீரைக்கு உறவு. ஆண்டிஸ் மலைநாட்டுப் பயிர். வறட்சி தாங்கும், உப்பு மண்ணிலும் வரும், அதெல்லாம் உண்மை. ஆனால் பூக்கும்போது வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, கதிர் பதராகப் போகும். வேரில் தண்ணீர் நின்றால் நாற்று அழுகும். ஈரக்காற்றில் இலைக்கு அடியில் அடிச்சாம்பல் நோய் பிடிக்கும். முற்றிய கதிரில் மழை பட்டால் செடியிலேயே முளைத்துவிடும். உங்கள் மெய்க்டிலாவில் இத்தனைக்கும் தப்பிக்கிற காலம் பனிக்காலம் ஒன்றுதான். ஐப்பசிக் கடைசியில் விதைத்தால் தை பிறக்கும்போது பூக்கும், மாசியில் அறுக்கலாம். 90, 100 நாள் ரகமாகக் கேள். பெயர் சொல்லாத விதையைத் தொடாதே.

புழுக்கத்தில் வைத்த விதை சீக்கிரம் செத்துவிடும். வாங்கியதும் 100 விதையை ஈரத்துணியில் மடித்து வை, மூன்றாம் நாள் எண்ணு. 80-க்குக் கீழே போனால் திருப்பிக் கொடு. கால் ஏக்கருக்கு அரை வீசை, அதாவது முக்கால் கிலோ சொச்சம், போதும். மணலோடு கலந்து, ஒன்றரை அடி இடைவெளியில் வரிசையாக, விரல் கணு ஆழத்துக்கு மேல் போகாமல் போடு. விதைத்தபின் மண் ஆடை கட்டினால் முளை வெளியே வராது. வரிசை ஏன் என்றால், சின்ன வயதில் கீன்வாவும் சக்கரவர்த்திக் கீரையும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வரிசைக்கு வெளியே நிற்பது களை என்று பிடுங்கலாம். பிறகு நாலு அங்குலத்துக்கு ஒரு செடி விட்டுக் கலைத்துவிடு. கலைத்த நாற்றைக் கீரையாகக் கடையலாம். வறட்சி தாங்கும் என்று சும்மா இருந்துவிடாதே: முளைக்கும்போதும் பூக்கும்போதும் ஈரம் வேண்டும்.

தானியத்தின் மேல் சப்போனின் என்று ஒரு கசப்பு. தோல் தேய்க்கும்போது எழும் தூசி மூக்கையும் கண்ணையும் எரிக்கும், துணி கட்டிக்கொள்ளச் சொல். நுரை நிற்கும்வரை ஐந்தாறு தண்ணீர் கழுவி, அன்றே வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரமாக ஓர் இரவு கிடந்தால் முளைத்துவிடும். கழுவிய தண்ணீரைக் குளத்தில் விடாதே, மீன் சாகும்.

இதையெல்லாம் நீ செய்துவிடுவாய். எனக்குப் பயம் விலையில்தான். வியாபாரி எடுத்துக்கொள்கிறேன் என்று வாயால் சொன்னது போதாது, எழுதி வாங்கு. 2013-ஐ ஐக்கிய நாடுகள் கீன்வா ஆண்டு என்றார்கள். அடுத்த வருஷம் வரை ஏறிய விலை 2015-ல் சரிந்தபோது பொலிவியா, பெருக்காரர்களே அடிபட்டார்கள். நமக்கே 2017 மறக்குமா? இந்தியா துவரை இறக்குமதிக்கு வரம்பு போட்டதும் இங்கே விலை விழுந்ததே! துவரையையாவது நாமே சாம்பார் வைத்துத் தின்றோம். கீன்வாவை மெய்க்டிலாவில் யார் தின்கிறார்கள்? முதல் விளைச்சலை வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் சமைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், கால் மணி நேரம், உப்புமா மாதிரி. பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்டால் அடுத்த வருஷம் ஒரு ஏக்கர்.

அத்தாச்சியைக் கேட்டதாகச் சொல். விதை வந்ததும் 100-க்கு எத்தனை முளைத்தது என்று எழுது.

உன்,
செல்வம்