டியூட்டி சார்ட்டைக் கேட்டு வாங்கு, கண்ணு

சேலம், அம்மாப்பேட்டை

அன்புக் கண்ணுக்கு,

ஏற்காடு ரிசார்ட்காரர்கள் கொடுத்த ஆஃபர் லெட்டரைப் பார்த்தேன். "கூடச் சேருகிற பையனுக்கும் எனக்கும் ஒரே பேசிக்தாம்மா" என்று எழுதியிருக்கிறாய். பேசிக்கில் யாரும் கை வைக்க மாட்டார்கள், வைத்தால் எழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். சம ஊதியச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. இப்போது அது 2019ஆம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய், 2025 நவம்பர் 21லிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆணும் பெண்ணும் வாங்குவது வேறாகிற இடம் டியூட்டி சார்ட், யாருக்கு எந்த நேர வேலை என்று போடுகிற பட்டியல். அது லெட்டரோடு வராது.

நீ சேரப்போகிற ஃப்ரண்ட் ஆபீஸில், அதாவது ரிசப்ஷனில், பெரும்பாலும் மூன்று ஷிஃப்ட்: காலை 7–3, மதியம் 3–11, இரவு 11–7. காலையில் கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் ரூமைக் காலி செய்கிறவர்கள். குடிக்காத தண்ணீர் பாட்டிலுக்கு ஏன் பில் என்று சண்டை போடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, பிள்ளைக்கு வாந்தி, பாட்டிக்குத் தலைசுற்றல் என்று வருகிற குடும்பங்களுக்கு மதிய ஷிஃப்ட்தான் சாவி கொடுக்கும். "இன்னும் ஆயிரம் போட்டால் பள்ளத்தாக்கு தெரிகிற ரூம்" என்று விற்க முடிவது அப்போதுதான். அதற்கு இன்சென்டிவ் உண்டென்றால் விற்றவர் பேரில் ஏறும். இரவுக்கு நைட் அலவன்ஸ் தனி.

"பொம்பளைப் பிள்ளை, காலை ஷிஃப்ட்டே பாதுகாப்பு" என்று வருஷம் முழுக்க 7–3 போட்டுவிட்டால்? கணக்குக்குச் சொல்கிறேன்: ராத்திரிக்கு 150 வீதம் மாதம் எட்டு ராத்திரி 1,200, ரூம் இன்சென்டிவ் 1,800. மாதம் 3,000, வருஷத்துக்கு 36,000 ரூபாய் உனக்குக் குறையும். பேசிக் அதேதான்! அக்கறையோடு சொல்கிற பேச்சு என்பதால் மறுத்துப் பேசவும் வாய் வராது.

மாலை 7க்குப் பிறகும் காலை 6க்கு முன்னும் பெண் வேலை பார்க்கக் கூடாது என்று இப்போது சட்டம் இல்லை. உன் சம்மதம் வேண்டும், அவர்கள் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும். அதனால் "நைட் வேண்டாம்" என்று வாயால் சொல்லிவிட்டு வராதே. ஷிஃப்ட் வாராவாரம் சுழலுமா, ராத்திரி 11 மணிக்கு டியூட்டி முடிந்தால் குவார்ட்டர்ஸ் வரை வண்டி உண்டா என்று மெயிலில் கேள். பதிலும் மெயிலில் வரட்டும். 2023ல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்: எந்த நேரம் கூப்பிட்டாலும் வருகிறவருக்குத்தான் சம்பளம் கூடுதலாக ஏறுகிறது, பிள்ளை பிறந்த பிறகு பெண்ணால் அப்படிப் போக முடிவதில்லை.

பதவிப் பெயரையும் பார். உனக்கு 'ரிசப்ஷனிஸ்ட்', அவனுக்கு 'எக்ஸிகியூட்டிவ்' என்று போட்டு சம்பளத்தைப் பிரிப்பார்கள். சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை. திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு நாலும் ஒன்றா என்றுதான் பார்க்கும். அவன் லெட்டரைக் கேட்டு வாங்கிப் பார், கூச்சப்படாதே.

இன்னொன்று, இப்போது எதற்கு என்பாய். மாதச் சம்பளம் 21,000க்குள் என்றால் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சந்தா, பிடிப்பார்கள். நாளைக்குப் பிரசவ கால சம்பளம் அதிலிருந்துதான் வரும், ஆனால் அதற்கு முந்தைய இரண்டு ஆறுமாதச் சந்தா காலத்தில் 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் கூட்டம் இல்லை என்று சம்பளமில்லா லீவு கொடுத்தால் அந்த நாள் குறையும். பே ஸ்லிப்பில் வேலை நாள் எத்தனை என்று மாதாமாதம் பார்த்து வை. டியூட்டி சார்ட்டையும் வாராவாரம் போட்டோ எடு. ஆறு மாதம் கழித்து மேனேஜரிடம் பேச உட்காரும்போது உன் கையில் அதுதான் இருக்கும்.

நீ அனுப்பியதில் 1, 2, 4 பக்கம்தான் இருக்கிறது. இன்சென்டிவ் விவரம் மூணாம் பக்கத்தில் என்று ரெண்டாம் பக்கத்தின் அடியில் போட்டிருக்கிறான். அது வந்த பிறகு கையெழுத்துப் போடு.

அம்மா