சோடர்டெல்யேயிலிருந்து அப்பாவுக்கு

சோடர்டெல்யே, ஸ்வீடன்
டிசம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. வேலைப்பளுவால் பதில் தாமதமானது என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை என்பதால் அதை எழுதவில்லை. பெரிய மாமா நூற்பாலையில் வைக்க நினைக்கும் தின்பண்ட மிஷினைப் பற்றி, ரொக்கம் வாங்காத அந்த வகை உண்மையிலேயே நல்லதுதானா என்று விசாரித்து எழுதச் சொல்லியிருந்தீர்கள். விசாரிக்க வேண்டியதில்லை அப்பா, வேலை நாள்களில் அதன் முன்னால்தான் நிற்கிறேன்.

எங்கள் தொழிற்சாலை உணவகத்தை மதியத்தோடு மூடிவிடுவார்கள். இரண்டாம் ஷிப்டுக்காரர்களான எங்களுக்கு, உடைமாற்றும் அறைக்கு வெளியே நிற்கும் அந்த மிஷின்தான் கடை. வெளியே போய் வாங்கலாம் என்றால், இந்த மாதத்தில் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது, வாசலில் பனி உறைந்து கண்ணாடி போல வழுக்குகிறது. எண்ணை அழுத்தி, கார்டையோ போனையோ கறுப்புக் கட்டத்தருகே காட்டினால் ஒரு சத்தம் வரும். உள்ளே கம்பிச்சுருள் சுழன்று பண்டத்தைத் தள்ளிவிடும். பண்டம் விழுவதை அடியில் இருக்கும் ஓர் ஒளிக்கதிர் பார்த்துக்கொள்கிறது. விழுந்தால்தான் பணம் எடுக்கப்படும். சிக்கிக்கொண்டால் பிடித்துவைத்த தொகை திரும்பிவிடும். ஒருமுறை எனக்கு அப்படிச் சிக்கியது. 25 குரோனர் திரும்பி வர நான்கு நாள் ஆனது. நான்கு நாளும் கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், சும்மா ஓர் ஆர்வத்தில்தான்.

நம் ஊரில் பத்து ரூபாய்க் காசை நீட்டினால் கடைக்காரர் முகம் சுளிக்கிறாரே, அந்தத் தொல்லை இதில் இல்லை. சில்லறை இல்லை, கிழிந்த நோட்டு இல்லை, மீதிக்குப் பதில் மிட்டாய் இல்லை. ஆனால் பெரிய லாபம் மிஷின்காரருக்குத்தான் என்பதை மாமா புரிந்துகொள்ள வேண்டும். உள்ளே பணமே இல்லாததால் அதை உடைக்க யாரும் வருவதில்லை. காசை எடுத்து எண்ண ஓர் ஆள் தேவையில்லை. காசு சிக்கிப் பழுதாகும் வேலையும் இல்லை. உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கிறது. எந்தப் பண்டம் தீர்ந்தது என்பது அவர் போனுக்கே போய்விடும். நிரப்ப வருகிறவர் குறைந்ததை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார். இங்கே ஒவ்வொரு விற்பனைக்கும் அவர் கட்டணம் கட்ட வேண்டும். நம் நாட்டிலோ 2020 முதல் யூபிஐ-க்கு அந்தக் கட்டணம் கிடையாது. அந்த விதத்தில் மாமாவின் கணக்கு இந்த ஊர்க் கணக்கைவிட நன்றாகவே வரும்.

இனி, மாமாவுக்குப் பிடிக்காத பகுதி. இங்கே எல்லோரும் ‘ஸ்விஷ்’ என்ற செயலியில் பணம் அனுப்புகிறார்கள். 2012-இல் பெரிய வங்கிகள் ஆறு சேர்ந்து தொடங்கியது. அதற்கு இந்த நாட்டு அடையாள எண்ணும் வங்கிக் கணக்கும் வேண்டும். முதல் இரண்டு மாதம் எனக்கு அவை இல்லை, ஊரிலிருந்து கொண்டுவந்த கார்டை மிஷின் ஏற்கவில்லை, சட்டைப்பையில் நோட்டை வைத்துக்கொண்டு கண்ணாடிக்குள் இருந்த பன்னைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். மாமா மிஷின் வைக்க நினைக்கும் ஆலையில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தங்கை சொன்னாள். போன் இல்லாமல் உள்ளே வேலை செய்யும் பெண்கள், பணம் கட்டும் க்யூஆர் கட்டத்தை எதைக் கொண்டு ஸ்கேன் செய்வார்கள்? அடையாள அட்டையிலேயே முன்கூட்டிப் பணம் ஏற்றும் வசதி இருந்தால்தான் அது அவர்களுக்குப் பயன்படும். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று ஆலைக்காரர் சொன்னால் மாமா ஒப்புக்கொள்ளவே கூடாது. கையில் காசு எண்ணாதவர்களுக்குச் செலவு தெரியாது, மாதக் கடைசியில்தான் வயிற்றைக் கலக்கும். எனக்கும் அப்படித்தான் ஆனது. இப்போது தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகிறேன். வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மேல்மாடிப் பாட்டிக்கு இந்த மிஷின்களைக் கண்டாலே ஆகாது. ஜாம் பாட்டில் நிறையப் பழைய ஐந்து குரோனர் காசுகளை வைத்திருக்கிறார். அவை 2017-லேயே செல்லாமல் போய்விட்டன. அரசாங்கமே வீடுவீடாக அனுப்பிய நெருக்கடிக் காலக் கையேட்டில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருக்கச் சொல்லியிருப்பதை எனக்கு விரித்துக் காட்டி, ‘பார்த்தாயா’ என்று விரலை ஆட்டினார். மின்சாரம் போனால் மிஷின் வெறும் பெட்டிதான். தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் கிடைக்கிறதா என்று மாமா முதலில் பார்க்கட்டும்.

அந்த மிஷினில் 34-ஐ அழுத்தினால் ஏலக்காய் பன் வரும். இந்த ஊர்க்காரர்கள் ஏலக்காயைப் பொடித்து மாவிலேயே கலக்கிறார்கள். முதல் தடவை உறையைப் பிரித்தபோது ஏலக்காய் ஸ்டோரில் வேலை முடிந்து அம்மா வீட்டுக்கு வரும்போது வீசும் மணம் அப்படியே வந்தது. சேலையை மாற்றினாலும் போகாதே, அந்த மணம். பக்கத்தில் நின்றவன் ஏதோ கேட்டான், பதில் சொல்ல வாய் வரவில்லை. பிறகு, மிஷினில் தூசி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் இதையெல்லாம் படிக்க வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன், அறை சூடாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்க வேண்டாம். மூன்று மிஷின் வாங்கப் போகிறேன் என்கிறார். முதலில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, இரவு ஷிப்டு வாசலில் வைத்து மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். ஆலைக்காரரிடம் இடத்துக்கும் மின்சாரத்துக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வாங்கட்டும். நான் சித்திரையில் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அக்காவின் கணவர் அவசரப்படுத்தினாலும் சரி. இந்த மாதம் பணம் பத்துநாள் தள்ளி வரும், வங்கியில் ஏதோ சரிபார்ப்பாம். உங்கள் கண் அறுவைக்கு ஒதுக்கியதைத் தொட வேண்டாம். தங்கையின் கட்டணத்துக்கு நான் தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்

பின்குறிப்பு: ஆலையில் எத்தனை பேர் இரவு ஷிப்டில் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேரிடம் போன் இருக்கிறது என்று தங்கையை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள். மாமாவிடம் கேட்டால் கூட்டித்தான் சொல்வார்.