21-ம் நாளிலும் பட்டுப்புழு இலைதான் தின்னும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். கொட்டகையில் பட்டுப்புழு மூணாம் தோலுரிப்பில் இருக்கிறது. தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கிறதுகள். சுண்ணாம்புத் தூள் தூவியாச்சு, இலை போடக்கூடாது. அதனால்தான் இன்றைக்குப் பேப்பரும் பேனாவும் எடுக்க நேரம். போனில் சொன்னால் நீ ஆபீஸ் பஸ்ஸில் பாதிதான் கேட்பாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று நம்பி, காலையில் நடப்பதற்கு 21 நாள் சவால் எடுத்தாயாம், ஒன்பதாம் நாள் மழையில் விட்டுப்போச்சாம். "எனக்கெல்லாம் இது வராதுப்பா" என்றாய்.

இந்த 21 நாள் யார் வைத்த கணக்கு என்று தம்பியைக் கேட்டேன். தேடிப் படித்துச் சொன்னான். 1960-ல் அமெரிக்காவில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர், நோயாளிகளுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதினாராம். அதிலிருந்து கிளம்பியதுதானாம். முகம் பழகுவதும் கால் பழகுவதும் ஒன்றா? நம் கொட்டகையில் 21-ம் நாள் புழு கூடா கட்டுகிறது? கிளை கிளையாக இலை தின்றுகொண்டிருக்கும். கூடு கட்ட 25 நாள் பக்கம் ஆகிவிடும்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 12 வாரம் கவனித்து எழுதிய ஆய்வு ஒன்று 2009-ல் வந்ததாம். தினமும் நடக்கிற ஏதோ ஒன்றோடு சேர்த்து, புதுசாக ஒரு வேலையைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். யோசிக்காமல் தானாக வருகிற அளவுக்கு அது ஊற நடுவாக 66 நாள். சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதகம் இல்லை என்பதும் அதில் இருக்கிறதாம். உன் போனில் இருக்கிற ஆப் ஒரு நாள் தவறினால் கணக்கைச் சைபர் ஆக்கிவிடுகிறது என்றாயே, அதை முதலில் தூக்கிப் போடு.

நீ ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் ஒரு பேட்ச் புழு முழுக்கச் செத்துப்போனது ஞாபகம் இருக்கிறதா? பால் புழு நோய். புழு உப்பி, தோல் கிழிந்து, பால் மாதிரி நீர் வடிந்தது. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு ஒரு கூடைகூடக் கொண்டுபோகவில்லை. காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கைகால் கழுவாமல் உள்ளே போனது நான்தான். கதவில் 'கால் கழுவவும்' என்று சாக்பீஸில் என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். நாலு நாள் படித்தேன், அப்புறம் அந்த எழுத்து கதவோடு கதவாகிவிட்டது.

உங்கம்மா ஒன்றும் பேசவில்லை. பழைய பிளாஸ்டிக் டிரேயில் சாக்கை மடித்துப் போட்டு, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி, நிலைப்படியை அடைத்தாற்போல வைத்துவிட்டாள். அதில் கால் வைக்காமல் உள்ளே போக வேண்டுமென்றால் தாண்டித்தான் குதிக்க வேண்டும். எனக்கு முட்டிவலி. அதற்குப் பிறகு ஒரு நாளும் மறந்ததில்லை. இப்போது வீட்டு நிலைப்படியிலும் சில சமயம் கால் தானாக நின்று டிரேயைத் தேடுகிறது, அவள் சிரிக்கிறாள்.

சர்க்கரை மாத்திரையும் அப்படித்தான். அலமாரியில் இருந்தவரை வாரத்தில் இரண்டு நாள் விட்டுப்போகும். இப்போது சாப்பிடும் தட்டு அடுக்கின் மேலேயே டப்பா. அதை எடுக்காமல் தட்டை எடுக்க முடியாது.

நீ ஐந்தரைக்கு எழுந்து ஐந்து கிலோமீட்டர் என்று ஆரம்பித்தாய். பெங்களூர்க் குளிரில் அது யாருக்கு முடியும்? எனக்கே முடியாது. நீ தினமும் தவறாமல் செய்வது எது என்று பார். ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறாய் அல்லவா? கழுவிக் கை துடைத்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு தெரு முனைவரை போய் வா. பத்து நிமிஷம் போதும். செருப்பைக் கதவோரம் வைக்காதே, சிங்க் பக்கத்தில் வை. அறையில் கூட இருக்கிற பெண் திட்டினால் நான் சொன்னேன் என்று சொல். மழை பெய்தால் அன்றைக்குப் போகாதே, மறுநாள் போ.

கேழ்வரகு மாவு மூணு கிலோ அரைத்து வைத்திருக்கிறது. ஓசூர் வழியாக வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். அங்கே களி கிண்டுவாயா, இல்லை போன தடவை மாதிரி வண்டு விழ விடுவாயா?

அம்மா கூப்பிடுகிறாள். புழு பாதிக்கு மேல் தோல் உரித்துவிட்டதாம். எல்லாம் எழுந்ததும் இலை கேட்கும், இருட்டுவதற்குள் வெட்டியாக வேண்டும்.

அன்புடன்,
அப்பா