கப்பல் தேர்வில் சொல்லாமல் விடப்பட்ட தகவல் தொடர்பான புகார்

அனுப்புநர்:
முன்பதிவுப் படிவத்தில் கையொப்பமிட்ட பயணி,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
பயண ஏற்பாட்டு நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: சிங்கப்பூர் – பினாங்கு – புக்கெட் சொகுசுக் கப்பல் பயணம் – கப்பலைத் தேர்ந்தெடுக்கத் தாங்கள் தந்த ஒப்பீட்டுத் தாளில் முக்கியத் தகவல் விடுபட்டமை – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

மே மாத விடுமுறையில் தங்கள் கிளை மூலம் முன்பதிவு செய்து, சிங்கப்பூரிலிருந்து கப்பலில் சென்று திரும்பிய குடும்பத்தின் சார்பில் இக்கடிதத்தை எழுதுகிறேன். கப்பல் ஊழியர்கள்மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. சைவ உணவுக்குக்கூட நாங்கள் அஞ்சியபடி அலைய வேண்டியிருக்கவில்லை. எந்தக் கப்பலில் போவது என்று முடிவெடுக்கும் கட்டத்தில் தங்கள் அலுவலகம் எங்களிடம் சொல்லாமல் விட்டதைப் பற்றியதே என் புகார்.

என் தாயார் மூட்டுத் தேய்மானத்தால் நாலைந்து அடிக்கு மேல் நடக்க இயலாதவர். வெளியே சென்றால் சக்கர நாற்காலிதான். இதை முதல் சந்திப்பிலேயே தெரிவித்ததுடன், விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை, கப்பல் நிற்கும் ஒவ்வோர் ஊரிலும் அம்மா கரையிறங்க வேண்டும் என்று மின்னஞ்சலிலும் எழுதியிருந்தேன். அதற்குப் பதிலாகத் தாங்கள் அனுப்பிய தாளில் இரண்டு கப்பல்கள் ஒப்பிடப்பட்டிருந்தன: ஒன்று கிள்ளான் துறைமுகத்துக்கும் பினாங்குக்கும் சென்று வரும் சற்றே பழைய கப்பல், மற்றொன்று பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் சென்று வரும் புதிய பெரிய கப்பல். நீச்சல்குளம் எத்தனை, உணவகம் எத்தனை, நீர்ச்சறுக்கு உண்டா, குழந்தைகளுக்குத் தனி இடம் உண்டா என்றெல்லாம் விரிந்த அந்தத் தாளில், கப்பல் துறைமுக மேடையை ஒட்டிக் கட்டப்படுமா அல்லது கடலிலேயே நங்கூரமிட்டு நிற்குமா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. நான் மீண்டும் கேட்டபோது, ‘வீல்சேருக்கு ரெண்டு கப்பலும் ஓகே சார், பெருசே எடுத்துக்கலாம்’ என்று தங்கள் ஊழியர் வாட்ஸ்அப்பில் பதிலளித்தார். அந்த ஒரு வரியை நம்பித்தான் கூடுதல் பணம் கட்டிப் பெரிய கப்பலைத் தேர்ந்தெடுத்தோம்.

பினாங்கில் எந்தச் சிக்கலும் எழவில்லை. ஸ்வெட்டன்ஹாம் மேடையில் கப்பல் ஒட்டிக் கட்டப்பட்டதால் சாய்தளம் வழியாகச் சக்கர நாற்காலி நேராகத் தரைக்கு இறங்கியது. ஜார்ஜ் டவுனில், 1833-இல் எழுப்பப்பட்ட குயின் வீதி மகா மாரியம்மன் கோயிலில் அம்மா நிம்மதியாகத் தரிசனம் செய்தார்.

புக்கெட்டில் நடந்தது வேறு. கப்பல் பத்தோங் விரிகுடாவில், கரையிலிருந்து எட்ட நங்கூரமிட்டு நின்றது. பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்கு ஏற்றிச் செல்வார்கள். இந்தப் படகுப் போக்குவரத்தை ‘டெண்டர்’ என்று அறிவிப்பில் சொல்லக் கேட்டபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. கீழ்த்தளத்தின் பக்கவாட்டுக் கதவருகே சென்று பார்த்தால், மிதக்கும் மேடை ஒரு பக்கம் ஏறும்போது படகு மறுபக்கம் இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒவ்வொருவரும் அலையின் தாளம் பார்த்துத் தாண்ட வேண்டியிருந்தது. சொந்தக் காலில் படியேற இயலாதவர்களை ஏற்ற முடியாது என்று அங்கிருந்த அதிகாரி பணிவாக, ஆனால் உறுதியாக மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். அந்த இடத்தில் அவர் அனுமதித்திருந்தால் நானே தடுத்திருப்பேன். என் மனைவியும் பிள்ளைகளும் கரைக்குச் செல்ல, தங்களிடம் முன்பணம் கட்டி ஏற்பாடு செய்திருந்த, சக்கர நாற்காலி ஏறும் வசதியுள்ள வேன் யாருக்கும் பயன்படாமல் நிற்க, நானும் அம்மாவும் கப்பலிலேயே இருந்துவிட்டோம்.

இதைத் தொலைபேசியில் முறையிட்டபோது, துறைமுக விவகாரமும் வானிலையும் தங்கள் கையில் இல்லை என்று பதில் வந்தது. காற்று கடுமையானால் கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிடலாம் என்ற நிபந்தனையை நானும் படித்துத்தான் கையொப்பமிட்டேன். அன்று அப்படி எதுவும் நிகழவில்லை. திட்டமிட்ட இடத்தில், திட்டமிட்ட நேரத்தில்தான் கப்பல் நின்றது. புக்கெட் தீவிலேயே மக்காம் விரிகுடாவில் ஆழ்கடல் துறைமுகம் உண்டு, சில கப்பல்கள் அங்கே மேடையில் கட்டப்படுகின்றன, சில பத்தோங்கில் நங்கூரமிடுகின்றன என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாத செய்தியா? தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் மே மாதத்தில் பத்தோங் அமைந்துள்ள மேற்குக் கரையில் அலை கூடும் என்பதும் அப்படியே. எல்லாவற்றுக்கும் மேலாக, கப்பல் நிறுவனத்தின் பயண அட்டவணையிலேயே புக்கெட்டுக்கு எதிரே டெண்டர் என்ற குறிப்பு இருக்கிறது. தங்கள் தாளுக்கு வரும்போது அது காணாமல் போயிருக்கிறது.

‘எல்லாம் உட்பட’ என்று தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த விலையில் ஊழியர்களுக்கான டிப்ஸ் சேரவில்லை; ஆளுக்கும் இரவுக்கும் கணக்கிட்டு, கைக்குழந்தை என்று நாங்கள் எண்ணியிருந்த இளைய மகனுக்கும் சேர்த்து, இறங்கும் முன்பு அமெரிக்க டாலரில் வசூலித்தார்கள். பால்கனி அறை என்று தந்ததன் எதிரே உயிர்காப்புப் படகு தொங்கிக்கொண்டிருந்தது. அறை எண்ணைக் கப்பல் நிறுவனமே பின்னர் ஒதுக்கும் மலிவு வகையில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்பது சீட்டைக் கூர்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது. இவை மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(11), நுகர்வோருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே தராமல் இருப்பதையும் சேவைக் குறைபாட்டில் சேர்க்கிறது. எழுத்து மூலம் கேட்ட கேள்விக்கு அட்டவணையைப் பாராமலோ, பார்த்தும் சொல்லாமலோ பதில் தந்திருக்கிறீர்கள். எனவே, புக்கெட் வேனுக்குச் செலுத்திய தொகை முழுவதையும், இரு கப்பல்களுக்கும் இடையிலான கட்டண வித்தியாசத்தில் என் தாயாருக்கும் எனக்கும் உரிய பங்கையும், விலையில் அடங்கும் என்று சொல்லி வெளியே வசூலிக்கப்பட்ட டிப்ஸ் தொகையையும் திருப்பித் தருமாறு கோருகிறேன். ஒப்பீட்டுத் தாளில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் எதிரே கப்பல் மேடையில் கட்டப்படுமா, நங்கூரமிடுமா என்று இனி குறிப்பிடுவதாக எழுத்தில் உறுதி தரவும் வேண்டும்.

மின்னஞ்சல், வாட்ஸ்அப் பதில், தங்கள் தாள், கப்பல் நிறுவனத்தின் அட்டவணை, ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். கடிதம் கிடைத்த 30 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வப் பதில் வராவிடில், நான் வசிக்கும் இம்மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுத் தாக்கல் செய்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)