பேசுகிற லண்டனை அனுப்பு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவின் சுகர் கட்டுக்குள் இருக்கிறது, அவர் பேச்சுதான் இல்லை. வெயிலைப் பற்றி எழுதப் போவதில்லை. நீ இந்த ஊரில் பிறந்தவள்.

நீ அனுப்பிய படங்கள் வந்தன. பிக் பென், லண்டன் ஐ, டவர் பிரிட்ஜ் எல்லாம் அழகுதான். ஆனால் என் மாலை இங்கிலீஷ் பேச்சு வகுப்புக்கு அவை உதவாது, கோபித்துக்கொள்ளாதே. நான் வேலை பார்த்த பள்ளிச் சுவரில் தொங்கிய சார்ட்டிலேயே இவை எல்லாம் இருந்தன. (அதில் டவர் பிரிட்ஜ் படத்துக்குக் கீழே லண்டன் பிரிட்ஜ் என்று அச்சடித்திருந்தார்கள். நான் ரிட்டயர் ஆகும்வரை யாரும் மாற்றவில்லை.) படத்தைக் காட்டி "திஸ் இஸ் பிக் பென்" என்றால் பிள்ளைகள் "யெஸ் மிஸ்" என்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்க அவர்களுக்கு என்ன இருக்கிறது?

எனக்கு வேண்டியது பேசுகிற லண்டன். வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள், ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், ஆற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வரும் காலேஜ் பையன்கள். கிராமர் எல்லாருக்கும் ஓரளவு வரும். வாயைத் திறக்கத்தான் வராது.

பாடப்புத்தகத்தில் ஓர் உரையாடல் உண்டு. பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் பணம் கொடுத்து, மீதிச் சில்லறை வாங்கி, நன்றி சொல்லி இறங்குவது. லண்டன் பஸ்ஸில் 2014ஆம் ஆண்டு முதல் காசே வாங்குவதில்லை, கார்டைத் தொட்டுவிட்டு ஏற வேண்டியதுதான் என்று நான் சொன்னதும் ஒரு பையன் கேட்டான்: "அப்போ யார்கிட்ட மிஸ் பேசறது?" சரியான கேள்வி. அந்த ஊரில் எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை யாரிடமும் பேச வேண்டியதில்லை. கார்டு வேலை செய்யாதபோது, ரயில் நடுவழியில் நின்றுவிட்டபோது, தப்பான பக்கம் ஏறிவிட்டபோதுதான் இங்கிலீஷ் தேவைப்படுகிறது. ஆகவே அந்த உரையாடலைத் தூக்கிப் போட்டுவிட்டு, கோளாறு நடக்கிற உரையாடல்களாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். உனக்கு நடந்தவற்றை எழுதி அனுப்பு. யார் என்ன சொன்னார்கள், நீ என்ன சொன்னாய், அப்படியே வேண்டும். உன் இங்கிலீஷைத் திருத்தி அனுப்ப வேண்டாம்.

வழி சொல்லும் பாடத்துக்கு லண்டன் டாக்ஸிக்காரர்களைப் பிடித்துக்கொண்டேன். கறுப்பு டாக்ஸி ஓட்ட அங்கே 'நாலெட்ஜ்' என்று ஒரு தேர்வு, 1865லிருந்து நடக்கிறது. சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். தேர்வாளர் இரண்டு இடங்களைச் சொல்வார். கோட்டும் டையுமாக எதிரே உட்கார்ந்திருக்கிறவர் எந்தத் தெருவில் இடது, எதில் வலது என்று மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். இது என் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அப்பாவின் கல்யாணக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். கேள்வி: காட்பாடி ஸ்டேஷனிலிருந்து பாகாயம். லெஃப்ட், ரைட், ஸ்ட்ரெய்ட் ஆன் என்று பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி டவுனுக்குள் வந்துவிட்டாள். மக்கான் சிக்னலில் மாட்டிக்கொண்டாள். வகுப்பே இங்கிலீஷில் வழி சொல்லச் சண்டை போட்டது. பக்கத்து வீட்டு அக்கா என்ன கலவரம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது உனக்கு வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கு. கிளம்பும் முன் அன்றைக்குச் சுரங்க ரயில் லைனில் மராமத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள், வார இறுதியில்தான் மூடி வைப்பார்கள் என்று நீயே புலம்பியிருக்கிறாய். உன் ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறி எம்பாங்க்மென்டில் இறங்கு. வடக்கே போகும் நார்தர்ன் லைன் பிளாட்பாரத்துக்குப் போய் நில். ரயில் வரும்போது ஓர் ஆண் குரல் "மைண்ட் த கேப்" என்று சொல்லும். அதைப் பதிவு செய்து அனுப்பு.

எதற்கு என்று கேட்பாய். பிளாட்பாரம் வளைந்திருக்கும், ரயில் பெட்டி நேராக இருக்கும், நடுவில் இடைவெளி விழும். அதற்காக 1968லிருந்து இந்த எச்சரிக்கை. எம்பாங்க்மென்டில் கேட்கிற குரல் ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகருடையது. அவர் 2007இல் இறந்துபோனார். அவர் மனைவி மார்கரெட் மெக்கல்லம், ஒரு டாக்டர், அந்த ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்பாராம். 2012இல் புது இயந்திரம் வந்து குரலை மாற்றிவிட்டார்கள். அந்த அம்மா விசாரித்ததும், தேடியெடுத்து அவருக்கு ஒரு பதிவு கொடுத்தார்கள். பிறகு 2013இல் அந்த ஒரு பிளாட்பாரத்தில் மட்டும் பழைய குரலையே திரும்பப் போட்டுவிட்டார்கள். இந்தக் கதையை மெதுவாக இங்கிலீஷில் சொன்னேன். அதுவரை ஒரு முழு வாக்கியம் பேசாத ஷூ கம்பெனிப் பெண் ஒருத்தி, "ஷீ வெயிட் தேர் டெய்லி, மிஸ்?" என்றாள். திருத்த மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

பதிவு செய்ததும் அதே ரயிலில் ஏறி இரண்டு ஸ்டாப் போ. இரண்டாவது லெஸ்டர் ஸ்கொயர் (Leicester Square). எழுத்தைப் பார்த்துப் படிக்கிறவர்கள் அதை என்னவெல்லாமோ சொல்கிறார்கள். அறிவிப்பில் வரும் உச்சரிப்பை ஒருமுறை கேட்டுவிட்டால் போதும்.

அப்புறம் திரும்பி வந்து வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கு. வெளியுறவுத் துறைக் கட்டடத்தை ஒட்டி கிங் சார்ல்ஸ் ஸ்ட்ரீட் கடைசியில், பூங்கா பக்கம் இறங்கும் படிக்கட்டுக்கு மேலே ராபர்ட் கிளைவ் நிற்கிறார். அவர் முகம் எனக்கு வேண்டாம். பீடத்தைச் சுற்றி வெண்கலத்தில் செதுக்கியிருக்கிறார்கள், அதில் ஒன்று ஆற்காடு முற்றுகை. 1751இல் அவர் ஆற்காட்டைப் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய 50 நாள் உள்ளேயே இருந்து தாக்குப்பிடித்த கதை. கிட்டப் போய்த் தெளிவாக ஒரு படம் எடு. ஆற்காட்டுப் பையன்களிடம், "பாலாற்றங்கரை டெல்லி கேட் இருக்கிறதே, அந்தச் சண்டை லண்டன் நடுத்தெருவில் இருக்கிறது" என்றபோது நம்பவில்லை. நம்பிய பிறகு அந்தச் சிலை அங்கே இருக்கலாமா, எடுக்க வேண்டுமா என்று விவாதம். அங்கேயும் 2020இல் இதே விவாதம் நடந்தது என்று சொன்னேன். என்னைக் கேட்டால் அது இருக்கட்டும், ஆனால் பக்கத்திலேயே 1806 வேலூர்ப் புரட்சியைப் பற்றியும் ஒரு பலகை வைக்கட்டும். அந்தப் பையன்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்கள். பிக் பென்னைப் பற்றி எழுதச் சொன்னபோது மூன்று வரிதான் வந்தது.

மழையைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிடு. லண்டனில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவுதான் மழை, நம் வேலூரில் அதைவிட அதிகம் என்றால் ஒருவரும் ஏற்கவில்லை. தூறலாகவே பல நாள் பெய்து பேர் வாங்கிக்கொண்டது என்று நீ சொன்னால் கேட்பார்கள். ஈஸ்ட் ஹாமில் முருங்கைக்காய் வாங்க இங்கிலீஷே தேவையில்லை என்பதை மட்டும் வகுப்பில் சொல்லிவிடாதே. நான் கடையை மூட வேண்டியதுதான்.

கடைசியாக முக்கியமான விஷயம். கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் அடுத்த மாதம் அங்கே வருகிறாள். வேலை லண்டனுக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில். முதல் இரண்டு நாள் உன்னோடு தங்கட்டும். ஆற்காடு மக்கன் பேடா கொடுத்தனுப்புகிறேன். அவளைக் கூப்பிட ஏர்போர்ட்டுக்குப் போகாதே. ஹீத்ரோவில் பிக்காடில்லி லைன் ஏறி, ஹாமர்ஸ்மித்தில் டிஸ்ட்ரிக்ட் லைனுக்கு மாறி, அவளே வந்துவிடுவாள். வழியெல்லாம் ஒப்பித்துக் காட்டிவிட்டாள். பெட்டி கனமாக இருக்கும், யாரிடமாவது உதவி கேட்கத்தான் வேண்டும், கேட்கட்டும். நீ ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் வாசலில் நில். போனைக் கையில் வைத்துக்கொள், ஆனால் அவள் கூப்பிட்டால் தமிழில் பேசாதே.

அன்புடன்,
அம்மா