டீச்சரைப் பற்றி வீட்டில் என்ன பேசுகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாத்தியார்மேல் மரியாதையே இல்லை என்று எங்கள் கிறிஸ்தவ சபையிலும் அடிக்கடி பேச்சு வருகிறது. பழியைப் போன்மீதும் சினிமாமீதும் போட்டுவிடுகிறோம். எனக்கு என்னவோ, அந்தப் பாடம் வீட்டுக் கூடத்தில்தான் தொடங்குகிறது என்று தோன்றுகிறது.

களியக்காவிளைப் பக்கம் நாங்கள் தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் போய் வருகிறவர்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்து வரும் டீச்சர்மார் சிலர் மலையாளம் கலந்த தமிழில்தான் பாடம் எடுப்பார்கள். சொந்தக்காரர் வீட்டில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், தன் கணக்கு டீச்சர் "மனசிலாயோ?" (புரிந்ததா?) என்று கேட்பதைத் தலையாட்டலோடு அப்படியே நடித்துக் காட்டினான். பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னொரு தடவை செய்யடா" என்று அவன் அப்பா வீடியோவும் எடுத்தார். சற்று முன்னால் சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணியவனும் அவன்தான். நாளைக்கு அந்த டீச்சர் சொல்லும் பின்னக் கணக்கு அவன் காதில் ஏறுமா?

"எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்ற ரோமர் 13:1 நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் போலீஸைக் கண்டதும் ஹெல்மெட் இல்லாத அப்பா வண்டியைச் சந்துக்குள் திருப்புகிறார். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எது நிற்கும், வசனமா, சந்தா?

அதற்காக ஆசிரியர் செய்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ம் பிரிவில் தடை செய்திருக்கிறது. யாராவது தகாத முறையில் தொட்டால், அது ஆசிரியராக இருந்தாலும் போதகராக இருந்தாலும், உடனே வீட்டில் சொல்ல வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம் என்று பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மனுஷரைவிட தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று அப்போஸ்தலர் 5:29-ம் சொல்கிறது. கீழ்ப்படிதல் என்ற பெயரில் எந்தப் பிள்ளையின் வாயையும் அடைக்கக்கூடாது.

ஆனால் தினசரி வருகிற குறைகள் வேறு. மார்க் குறைந்தது, வெளியே நிற்க வைத்தார், இடம் மாற்றி உட்கார வைத்தார். இதற்கு வேதாகமத்தில் தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. சிறைப்பட்டுப் போன வாலிபன், அந்நிய ராஜாவின் சாப்பாடு வேண்டாம் என்று மனதில் உறுதி. இருந்தும் தட்டைத் தள்ளிவிடவில்லை. அதிகாரியிடம் வேண்டிக்கொண்டான். அவர் ராஜாவுக்குப் பயந்தபோது, தங்களைக் கவனிக்க வைக்கப்பட்ட விசாரிப்புக்காரனிடம் போய்ப் பத்து நாள் சோதித்துப் பாரும் என்று கேட்டான். கொள்கையிலும் பின்வாங்கவில்லை, மரியாதையிலும் குறை வைக்கவில்லை. "டீச்சர், இந்த விடை சரி என்று நினைக்கிறேன், ஒருமுறை பார்ப்பீர்களா?" என்று கேட்கப் பிள்ளையைப் பழக்கலாமே.

பிள்ளை அழுதுகொண்டு வந்தால் முதலில் முழுவதும் கேட்போம். அப்புறம், "சரி மக்களே, அதுக்கு முன்னால நீ என்ன செய்தாய்?" என்றும் கேட்போம். பிறகும் பேச வேண்டியிருந்தால் பள்ளிக்கூடத்துக்குப் போய் நேரில் பேசுவோம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "அந்த ஆளுக்கு என்ன தெரியும்" என்று எழுதுவதை விட்டுவிடுவோம். அந்தப் போன் பாதி நேரம் பிள்ளை கையில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டு ஜெபத்தில் பிள்ளைகளின் ஆசிரியர்களைப் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம், சிடுசிடுப்பானவர்களையும் சேர்த்துத்தான். இதனால் பிள்ளைகள் அவர்கள் வீட்டு விஷயங்களையும் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். "சாரோட அம்மாவுக்குச் சுகமில்லையாம்" என்று சின்னவள் ஒருநாள் சொன்னாள். இரண்டு வாரம் அதற்காக ஜெபித்தாள்.

மிஷனரி ரிங்கல்தௌபே 1809-ல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மைலாடியில் பள்ளிக்கூடம் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தப் பக்கம் சபையும் பள்ளிக்கூடமும் அடுத்தடுத்துதான் வளர்ந்தன. ஆகவே சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும் நாட்களில் ஒரு மாலை பெற்றோருக்கும் வகுப்பு வையுங்கள். உள்ளூர் ஆசிரியர்கள் இரண்டு பேரை அழைத்து, பெற்றோரிடம் அவர்கள் எதிர்பார்ப்பது என்ன என்று பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களியக்காவிளை.